கூலி என்னும் பெயர் நீங்கியது

திம்புள்ள மலைச்சாரலில் இன்று தேயிலை தளிர்க்கிறது. கோப்பியே மலைநாட்டை ஆண்ட 1850களில், தோட்டத் துரைமாரின் பொருளுதவியோடும் சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆதரவோடும் ஒரு கிறிஸ்தவத் தொண்டு எழுந்தது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதன் பெயர். உபதேசிமார் தோட்டந்தோறும் நடந்து போதித்தனர், பள்ளிகளும் தோன்றின. பின்னர் அப்பணி திம்புள்ளவுக்கும் பரவிற்று.

கூலி என்பது தமிழில் உழைப்பின் ஊதியம். ஆங்கிலேயர் வாயிலோ அது உழைப்பவனையே சுட்டும் இழிசொல்லாயிற்று. சகோதரரே என விளித்துவிட்டுக் கூலி எனப் பெயரிடுதல் தகுமோ? பிற்காலத்தில் அது ‘தமிழ்த் திருச்சபை மிஷன்’ ஆயிற்று. ஆங்கில முதலெழுத்துக்கள் மூன்றும் மாறவில்லை, பொருளே மாறிற்று. ஊதியத்தால் அறியப்பட்டோர் சபையாராயினர்.

பெயர் மாறியதோடு கடமை முடிந்ததா? ‘தோட்டக்காட்டான்’ என்னும் ஏளனம் நம் நாவினின்று அகலும் நாளிலேயே அம்மாற்றம் நிறைவுறும்.