குரங்குக்கு ஒரு பாலம்

பக்கத்துக்கு 16 செ.மீ. வருமாறு ஒரு சதுரத் தாளை வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தைச் சுற்றி அளந்தால் 64 செ.மீ. இருக்கும். இப்போது அதைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டி நான்கு சின்னச் சதுரங்கள் ஆக்குங்கள். நான்கின் ஓரங்களையும் கூட்டினால் 128! தாள் குறையவே இல்லை, ஓரம் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது.

ஆழியாறு பக்கமிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் வால்பாறையிலும் காட்டின் ஓரம் இப்படித்தான் பெருகியது. நூறு வருடங்களுக்கு முன்பே மழைக்காட்டை வெட்டித் தேயிலை நட்டார்கள். மிஞ்சியவை பச்சைக் கம்பளத்தில் ஒட்டுப் போட்டதுபோலத் துண்டு துண்டான சோலைகள். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் வெயிலும் காற்றும் புகுந்து மண்ணை உலர்த்தும், உண்ணிச்செடி மண்டும். ஈரத் தோலோடு வாழும் தவளைக்கு அங்கே என்ன வேலை?

சிங்கவால் குரங்கின் பாடு இன்னும் சிரமம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. மரத்துக்கு மரம் தாவி, வெடிப்பலாவைத் தின்றுகொண்டு உச்சியிலேயே காலம் கழிக்கும். தரை அதற்குப் பிடிக்காது. ஆனால் வால்பாறை பக்கத்துப் புதுத்தோட்டத்தில் சோலையை ஒட்டிச் சாலை போகிறது. கிளைகள் எட்டாத இடத்தில் பாவம், இறங்கித்தானே ஆக வேண்டும்? அப்படி இறங்கிய சில, வண்டியில் அடிபட்டுச் செத்தன.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தீயணைப்பு வண்டியில் சுருட்டி வைத்திருப்பார்களே, அந்தக் கெட்டித்துணிக் குழாய், அதைச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டிவிட்டார்கள். எனக்குத் தெரிந்து பழைய குழாய்க்கு இதைவிட நல்ல வேலை கிடைத்ததில்லை! குரங்குகள் அதில் நடந்தே சாலையைக் கடக்கின்றன. கீழே லாரி போகும், மேலே குட்டியைச் சுமந்த தாய் போகும். இன்னொரு பக்கம், சீரழிந்த துண்டுகளில் அந்தக் காட்டுக்கே உரிய மரக்கன்றுகளை ஆய்வாளர்கள் எஸ்டேட்காரர்களோடு சேர்ந்து நட்டு வருகிறார்கள். அவை வளர்ந்து கிளை கோக்க வருடக்கணக்காகும். அதுவரை குழாய்தான் கிளை.

சரி, யானைக்கு? அது குழாயில் நடக்காதே!

உங்கள் நான்கு தாள் துண்டுகளையும் தள்ளித் தள்ளி வையுங்கள். நடுவில் ஒரு மெல்லிய தாள் நாடாவைப் போட்டு அவற்றைச் சேர்த்துவிடுங்கள். அந்த நாடாதான் ஆற்றோரத்தில் வெட்டாமல் விட்ட மரங்கள். பகலில் யானைகள் துண்டுச் சோலைகளிலும் இந்த ஆற்றோர நிழலிலும் ஒதுங்கி நிற்கும். இருட்டிய பிறகு, கொழுந்து பறித்தவர்கள் வீடு திரும்பியதும், தேயிலைக்குள் மெல்ல நடை போடும்.