இது என்ன ஜாதி முயல்?

உங்கள் தெருவில் ஒரு குடும்பத்துக்குத் திடீரென்று வடக்கே மாற்றலாகிவிடுகிறது. பீரோவும் கட்டிலும் லாரியில் ஏறிவிடுகின்றன. முயலுக்கு மட்டும் இடமில்லை. "நீங்களே வைத்துக்கொள்ளுங்களேன், மாமி! உங்கள் வீட்டுக் குழந்தைகளும் ஆசைப்படுகிறார்கள்" என்று ஓர் அட்டைப் பெட்டியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் புறப்பட்டுவிடுகிறார்கள். அன்று சாயங்காலமே ஆரம்பமாகிவிடும் விசாரணை. பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரை எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "இது என்ன ஜாதி?"

பதிலையும் அவர்களே வைத்திருப்பார்கள். பெட்டிக்குள் எட்டிப் பார்த்த மைத்துனர், "சந்தேகமே இல்லை, அங்கோரா!" என்பார். மாடி வீட்டுப் பையன், "இல்லை, டச்சு" என்பான். "வளரவே வளராத குட்டை ஜாதியாம், கடைக்காரர் சொன்னார்" என்பது ஊருக்குப் போனவர்கள் விட்டுச் சென்ற செய்தி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற பழமொழி சும்மாவா பிறந்தது!

வாஸ்தவத்தைச் சொல்லிவிடுகிறேன். தாய் தகப்பன் யாரென்று தெரியாத கலப்பு முயலுக்குக் கண்ணால் பார்த்தே ஒரு ஜாதிப் பெயர் சூட்டுவது நடக்காத காரியம். ஆனால் அதன் உடம்பிலுள்ள ஒவ்வோர் அடையாளமும், "என்னை இப்படி வைத்துக்கொள்" என்று உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறது. அதைப் படிக்கத் தவறினால் நஷ்டம் முயலுக்குத்தான்.

முதலில் ஒன்றை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காட்டிலும் மேட்டிலும் ஓடுவதையும் முயல் என்கிறோம். கூண்டில் வளர்ப்பதையும் முயல் என்கிறோம். இரண்டும் வேறு வேறு பிராணிகள். வீட்டு முயலின் மூதாதை ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்தது. அதன் குட்டி ரோமமில்லாமல், கண் மூடியபடி பிறக்கும். காட்டு முயலோ வளை தோண்டாது. அதன் குட்டி ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வளர்ந்தால் பிடரியில் கறுப்புத் திட்டு தெரியும். வயல் வரப்பில் கண்டெடுத்தது என்று யாராவது கொண்டுவந்து கொடுத்தால் ஆசைப்பட்டு வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் அடைப்பது குற்றம். வனத்துறையினரிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டு முயல்தான் என்று தெரிந்துவிட்டதா? இப்போது எடை பாருங்கள். நீங்கள் எடை மெஷினில் தனியாக ஒரு தரம் ஏறுங்கள். முயலை அணைத்துக்கொண்டு இன்னொரு தரம் ஏறுங்கள். வித்தியாசம் முயலின் எடை. (உங்கள் எடையை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை!) நெதர்லாந்துக் குட்டை முயல் வளர்ந்த பிறகும் ஏறக்குறைய ஒரு கிலோதான். நம் பக்கத்துப் பண்ணைகளில் வளர்க்கும் நியூசிலாந்து வெள்ளையோ நாலைந்து கிலோ வரும். (பெயர்தான் நியூசிலாந்து, அதை உருவாக்கியது அமெரிக்காவில்.) சாம்பல் நிற சோவியத் சின்சில்லாவும் பெரிய உடம்புக்காரிதான். ஆனால் ஒரு மாதக் குட்டியாக இருக்கும்போது எல்லாமே உள்ளங்கையில் அடங்கும் பஞ்சு உருண்டைகளே! "வளராது" என்ற வார்த்தையை நம்பிச் சின்னக் கூண்டு வாங்கியவர்கள், ஆறு மாதத்தில் அது கூண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் கையைப் பிசைகிறார்கள். பெட்டியோடு வீடு மாறும் முயல்களில் பலவற்றின் கதை இதுதான். ஆகையால் மாதம் ஒரு தடவை எடையைக் குறித்து வையுங்கள். பெரிய ஜாதி ரத்தம் இருந்தால் ஒரு வருஷம் வரைகூட வளரும்.

அடுத்து காது. இரண்டும் நிமிர்ந்திருக்கலாம், இரண்டும் தொங்கலாம். ஒன்று நிமிர்ந்து ஒன்று சாய்ந்திருந்தால், தொங்கு காது ஜாதி எங்கோ கலந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். தொங்கும் காதுக்குள் காற்றுப் புகாது. அழுக்கும் சீழும் சேரக்கூடும். வாரம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள்.

பிறகு ரோமம். நீண்டு பஞ்சாகப் பறந்தால் அங்கோராவின் உறவு. குட்டை ரோமமுள்ள தாய் தகப்பனுக்கும் இப்படிக் குட்டி பிறப்பதுண்டு. தினம் சீவிவிட வேண்டும். வெயில் காலத்தில் கத்தரித்துவிட வேண்டும். நக்கி விழுங்கிய ரோமத்தைக் கக்கிவிட முயலால் முடியாது. அதற்கு வாந்தி எடுக்கவே வராது. மாறாக, வெல்வெட்டுப் போலக் குட்டையாக இருந்தால் ரெக்ஸ் கலந்திருக்கலாம். அதன் பாதத்தில் ரோமம் மெல்லியது. கம்பித் தரையில் நின்றால் புண்ணாகும். பலகையோ கோணியோ விரியுங்கள்.

கடைசியில்தான் நிறம். எல்லோரும் முதலில் பார்ப்பதும் இதுதான், மிகவும் ஏமாற்றுவதும் இதுதான்! நெற்றியில் வெள்ளைக் கோடும் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டையும் இருந்தால் டச்சு என்கிறோம். கலப்பு முயல்களுக்கும் அப்படி அமைவதுண்டு. வெள்ளை உடம்பும் சிவப்புக் கண்ணும் ஒரு திரைச்சீலை மாதிரி; அதன் பின்னால் எந்த நிறமும் ஒளிந்திருக்கலாம். இமாலயன் என்ற ஜாதியில் இன்னும் வேடிக்கை. உடம்பின் குளிர்ந்த பாகங்களான காது, மூக்கு, கால், வால் மட்டும் கறுக்கும். கோடையில் அந்தக் கறுப்பே வெளிறுவதும் உண்டு.

எந்த ஜாதியானாலும் மாறாதவை சில. பல் ஆயுள் முழுவதும் வளரும். புல்லை மென்றுதான் தேய வேண்டும். அருகம்புல்லும் உலர்ந்த புல்லும் நாள் முழுக்க இருக்கட்டும். காரட் எப்போதாவது ஒரு துண்டு போதும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் தவிக்கும். வியர்க்கத் தெரியாத பிராணி அது. தண்ணீரை உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். அரை நாள் தீனி தொடாவிட்டால் மறுநாளைக்கு ஒத்திப்போடாமல் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஜோடியாக வந்திருந்தால், இரண்டும் பெண்தானா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். முப்பத்தொரு நாளில் பிரசவம் ஆகிவிடும்!

நன்றாக வைத்துக்கொண்டால் எட்டுப் பத்து வருஷம் உங்களோடு இருக்கும். இனிமேல் யாராவது, "இது என்ன ஜாதி?" என்று கேட்டால் திகைக்காதீர்கள். "மூன்றே கால் கிலோ, இடது காது சாயும், வெயில் ஆகாது, அருகம்புல் என்றால் உயிர்" என்று சொல்லுங்கள். எந்த ஜாதிப் பெயரும் இவ்வளவு விவரம் சொல்லாது!