ஆட்டுப் பரண் சட்டத்துக்கு என்ன பூசலாம்?

கடன் வாங்கிப் போட்ட பரண் சட்டம் ரெண்டு மழையிலேயே இத்துப்போனா, மிஞ்சுவது தவணை மட்டும்தான்.

சும்மா கிடைக்குதேன்னு பழைய இன்ஜின் ஆயிலைப் பூசாதீங்க. அதில் ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கலாம். ஆடு நக்கும், கடிக்கும். வார்னிஷ் பளபளப்பாகத்தான் இருக்கும். வெயிலில் வெடித்து, அதன் வழியே இறங்கும் தண்ணீர் உள்ளேயே நின்றுவிடும்.

பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய்தான் அது. மரத்துக்குள் ஊறும், உரியாது. நன்கு காய்ந்த சட்டத்தில் மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும். அங்கே கூடுதலாகப் பூசணும். சீக்கிரம் உலர உலோக உப்பு சேர்த்திருப்பாங்க, அதனால் முழுக்கக் காயாமல் ஆட்டை ஏற்றாதீங்க. வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்பு மறுபடி பூசணும்.

எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைக்கோல் போர் பக்கம் போடவே கூடாது. தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் முக்கி, வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.