காசிமேடு முதல் எண்ணூர் வரை – நடந்து தின்ற ஒரு நாள்



லீவு விட்டால் "சினிமாவுக்குப் போலாமா, மெரினாவுக்குப் போலாமா?" என்பதைத் தவிர நமக்கு வேறு யோசனை வருவதில்லை. இதோ ஒன்று. விடியற்காலை காசிமேட்டில் ஆரம்பித்து, நடந்தே எண்ணூர் வரை போய், வழியில் கிடைப்பதைப் பங்கு போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மின்சார ரயிலில் பீச் ஸ்டேஷன் திரும்பி, அத்தோவோடு நாளை முடிக்கலாம். மெக்கானிக்கல் மூன்று, கெமிக்கல் ஒன்று, சிவில் ஒன்று என நாங்கள் ஐந்து பேர் ஒரு ஜனவரி சனிக்கிழமை அப்படிப் போனோம். நடை மட்டும் சுமார் 12 கிலோமீட்டர்.

வடசென்னையில் தெருவில் விற்கிற ஒவ்வொரு பண்டத்துக்கும் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது. எந்தத் தொழில் எந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்தது, எது எந்தச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சில விதிகள்

1. எங்கே போனாலும் ஒரு தட்டுதான். ஐந்து பேரும் அதிலேயே கை வைக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் பத்து மணிக்கே வயிறு 'ஹவுஸ்ஃபுல்' ஆகிவிடும்.
2. பணம் ஒருவன் கையில் இருக்கட்டும். சில்லறை அவசியம்.
3. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்பட்டவை. மீனும் குறைவு, வெயிலும் அதிகம். ஆகவே அப்போது வேண்டாம்.

காசிமேடு: காலை 5 மணி

ராயபுரம் என்றால் பலருக்கும் ரயில் ஞாபகம் வரும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. எங்களுக்கோ அன்று மீன்தான்! விளக்கு வெளிச்சத்தில் ஏலம், ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம், "வழி வுடு, வழி வுடு" என்று தலையில் கூடையோடு ஓடுபவர்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கானாங்கத்தை, கடமா என்று பெயர் கற்கவே அரை மணி நேரம் ஆனது. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் சதை திரும்பி எழும்பினால் அது நல்ல மீன்.

வெளியே வந்து டீ, பொறை. அப்புறம் ஓர் அக்காவின் தெருக்கடையில் இட்லியும் முந்தின நாள் மீன் குழம்பும். பழைய குழம்புக்கு ஏன் அந்த ருசி? ராத்திரி முழுக்கப் புளியும் உப்பும் காரமும் மீன் துண்டுக்குள் ஊறுகின்றன. புளிப்பு இருப்பதால் சீக்கிரம் கெடுவதும் இல்லை. நடுராத்திரியே வேலைக்கு வந்தவர்களுக்கு இது காலை டிபன் இல்லை, மதியச் சாப்பாடு மாதிரி.

டி.எச். ரோடு: கூழ் வண்டி

எண்ணூர் கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும். நடப்பவர்களுக்குத் தண்டையார்பேட்டை வழியாகப் போகும் திருவொற்றியூர் ஹைரோடே மேல். அங்கேதான் கூழ் வண்டியைப் பிடித்தோம்.

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து, மோரும் உப்பும் விட்டுக் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், சின்ன வெங்காயம், மாங்காய், கருவாடு, வறுத்த சென்னாகுன்னி. மூட்டை தூக்குகிற உடம்பிலிருந்து வேர்வையோடு உப்பும் தண்ணீரும் போகிறது. கூழும் கருவாடும் அந்த இரண்டையும் திருப்பிக் கொடுக்கின்றன. ஒரு சொம்பு குடித்தால் மதியம் வரை பசிக்காது. டாக்டர் சொல்லும் உப்பு–சர்க்கரைக் கரைசலுக்கு நம் ஊர் அண்ணன் இது!

திருவொற்றியூர்: மதியம்

பட்டினத்தார் கையில் ஒரு பேய்க்கரும்போடு ஊர் ஊராக அலைந்தார், அது எந்த ஊரில் இனிக்கிறதோ அங்கே முக்தி என்பது கதை. அது இனித்த ஊர் ஒற்றியூர். கடலோரம் அவர் சமாதியைப் பார்த்துவிட்டு மெஸ் தேடினோம்.

நம் மெக்கானிக்கல் பசங்களுக்கு இது புண்ணிய பூமி. 1946-ல் எம்.ஆர்.எஃப். இங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் கம்பெனியாகத்தான் தொடங்கியது. என்ஃபீல்டு தொழிற்சாலை 1955-ல் வந்தது. விம்கோ என்பது தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர், 2021 முதல் மெட்ரோ ரயிலே விம்கோ நகர் வரை ஓடுகிறது (நடக்க முடியாதவர்கள் கவனிக்க!). தொழிற்சாலை இருந்தால் ஷிப்ட் இருக்கும், ஷிப்ட் இருந்தால் மெஸ் இருக்கும். காலை ஷிப்ட் விடும் இரண்டு மணிக்கு அளவுச் சாப்பாடு, இரவு ஷிப்ட் ஆட்களுக்குப் பரோட்டா–சால்னா என்று சமையலே சங்குக்கு ஏற்ப நடக்கும்.

நாங்கள் சாப்பிட்ட மெஸ்ஸில் சுறாப்புட்டு கிடைத்தது. சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, தண்ணீரைப் பிழிந்து, உதிர்த்து, வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வதக்குவார்கள். "ஏன்டா பிழியணும்?" என்று கேட்டதற்குக் கெமிக்கல்காரன் விளக்கினான். கடல் உப்பைச் சமாளிக்க சுறா தன் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்திருக்கும். செத்தபின் பாக்டீரியா அதை அமோனியாவாக மாற்றும். வெந்த தண்ணீரோடு அந்த நாற்றமும் போய்விடும். ஒரு புத்தகமும் திறக்காத நம் ஆயாக்கள் இந்தக் கெமிஸ்ட்ரியைக் கைப்பழக்கத்திலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள்!

எண்ணூர்: மாலை 4 மணி

எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டினால் எண்ணூர். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்டின் ஊர். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரமும் இங்கேதான். அங்கே ஒரு சின்னக் கடையில் எறா வறுவல் வாங்கினோம்.

"ஆத்து எறாவா அக்கா?"

"ஆத்து எறா இப்ப எங்க தம்பி அவ்ளோ கெடைக்குது? இது கடல் எறா."

எறா கடலில் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வந்து, ஆழமில்லாத சேற்றில் மேய்ந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். அந்தச் சேற்றில் கையாலேயே தடவி எறா பிடிப்பவர்கள் இங்கே உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் சாம்பல் ஆற்றில் படிகிறது, சேறு மூடிப்போகிறது. கண்டென்சரில் சூடேறி வெளிவரும் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் இதே ஆற்றில் பரவி, வலையையும் படகையும் கறுப்பாக்கியது. எறா வறுவல் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அதற்கப்புறம் நாங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பீச் ஸ்டேஷன்: இரவு 7 மணி

எண்ணூரில் ரயில் ஏறி பீச்சில் இறங்கினால், செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ கடைகள். வேகவைத்த நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம் அடைத்த மசாலா முட்டை தனி.

1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. 1964-ல் கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆயின. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறி இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்காக 1969-ல் பர்மா பஜார் உருவானது. எண்ணூரிலும் வியாசர்பாடியிலும் குடியேறியவர்கள் உண்டு. வீடும் கடையும் போனாலும் சமையல் அவர்கள் கையோடு வந்துவிட்டது.

நமக்கு என்ன சேதி?

நாட்டை இழந்தவர்களால்கூட அத்தோவைக் கொண்டுவர முடிந்தது. ஆறு செத்துப்போனால் ஆற்று எறாவை எந்தக் கப்பலில் கொண்டுவருவது?

நண்பர்களே, டிப்ளமோ முடித்ததும் நம்மில் பலர் இதே பகுதியில்தான் அப்ரன்டிஸாகச் சேரப் போகிறோம். பம்ப் ரூமிலும் பாய்லரிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் நிற்கப் போவது நாம்தான். கசிகிற குழாயை முதலில் பார்ப்பதும் மேனேஜர் அல்ல, ஷிப்டில் இருக்கும் நாமே. பார்த்ததை லாக் புக்கில் எழுதுவதா, "நமக்கென்ன" என்று போய்விடுவதா என்று அன்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். எழுதுங்கள். அந்தக் குழாயின் மறுமுனையில் ஓர் அக்காவின் குழம்புச்சட்டி இருக்கிறது.

அதுவரைக்கும், அடுத்த லீவில் ஐந்து பேர் சேருங்கள். தட்டு மட்டும் ஒன்றே போதும்!

– மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவன்