எச்சரிக்கை வந்தது, போக இடமில்லை

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் பதுளை மாவட்டம், கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்தது. லயன்களும் கோயிலும் சில நிமிடங்களில் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. எல்லா உடல்களும் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் ஒருவருக்காக அழுவது எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, சகோதரிகளே.

இதை இயற்கை அனர்த்தம் என்கிறோம். மழை இயற்கைதான். அந்தச் சரிவின் கீழே யார் குடியிருந்தார்கள் என்பது இயற்கை அல்ல. 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் அங்குள்ள ஆபத்தைச் சொல்லியிருந்தது. “சொல்லியும் ஏன் இருந்தார்கள்?” என்று படித்தவர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எங்கே போவது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

லயன் காம்பரா தொழிலாளியின் சொத்து அல்ல. ஐந்து தலைமுறை இருந்தாலும் அது தோட்டத்துக்குச் சொந்தம். கிராமத்தில் ஒருவருக்கு அரை ஏக்கர் காணி இருந்தால் விற்கலாம், ஈடு வைக்கலாம். லயத்தில் இருப்பவரிடம் ஈடு வைக்க என்ன இருக்கிறது? வீட்டை விட்டால் வேலையும் போகும் என்ற பயம் வேறு. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை அதில் ஒரு பகுதியினர் நாடற்றவராகவே இருந்த சமூகம் இது. காணி கேட்கும் பேச்சுக்கே அப்போது இடமிருக்கவில்லை.

சம்பளக் கணக்கையும் பாருங்கள். மலை சரிந்த அந்த வருடம் நாட்சம்பளம் 620 ரூபா என்றார்கள். அதில் அடிப்படை 450, விலைப் பங்கு 30, வருகைக் கொடுப்பனவு 140. அந்த 140 ரூபா, கொடுத்த வேலை நாட்களில் நூற்றுக்கு 75 நாள் போனவருக்கு மட்டுமே. மாதத்தில் 25 நாள் வேலை கொடுத்தால் 19 நாள் போக வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் குறைந்து 18 ஆனால், அந்த 18 நாளுக்கும் சேர்த்து 2520 ரூபா இல்லை. நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அடைமழை என்றாலும் தாய்மார் ஏன் மலைக்கு ஏறுகிறார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். ஆணுக்குச் சமமான நாட்சம்பளமே பெண்ணுக்கு 1984இல்தான் வந்தது. கொழுந்து பறிப்பவர்களோ பெரும்பாலும் பெண்கள்.

2021இல் 1000 ரூபா, 2024இல் 1350 ரூபா என்று சம்பளம் ஏறியது உண்மை. இடையில் 2022இல் மா, அரிசி, மண்ணெண்ணெய் விலை என்னவானது என்பதும் உண்மை. அதற்கு முன்பே, 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வறுமை நூற்றுக்கு 14.3, நகரத்தில் 6, தோட்டத்தில் 33.8. இந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் பார்ப்பதைவிட வீடுகளில்தான் அதிகம் பார்க்கிறேன். தாய் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகப் போகிறாள், மூத்த மகள் பாடசாலையை விட்டுத் தம்பி தங்கையைப் பார்க்கிறாள், மகன் கொழும்பில் கடைச் சிப்பந்தி.

உயிர் தப்பிய குடும்பங்கள் பல, தேயிலைத் தொழிற்சாலைக் கட்டிடத்தில் துணியால் மறைத்த இடங்களில் நீண்ட காலம் இருந்தன. வயது வந்த பெண்பிள்ளைகளுக்கு உடை மாற்ற மறைவில்லை. முகாம் வாழ்க்கை தெரிந்த உங்களுக்கு இது புதிதல்ல. 2016 ஒக்டோபரில் பூனாகலைப் பக்கம் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. நல்ல வீடுகள்தான். ஆனால் அதேபோன்ற சரிவுகளின் கீழே, அதேபோன்ற லயங்களில் ஊவாவில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் மழைக்காலத்தில் பாடசாலைக்கு இறங்கி, வெயில் வந்ததும் திரும்புகின்றன.

உங்களில் சிலரின் பெற்றோர் 1977, 1983 கலவரங்களில் இந்த மலைகளிலிருந்துதான் வன்னிக்கு வந்தார்கள். தருமபுரம் போன்ற குடியேற்றங்களில் காடு வெட்டிக் குடியிருந்தும், காணிக்குப் பத்திரம் இல்லாமல் அலைந்தவர்கள் அவர்களில் பலர். பத்திரம் கிடைத்த இடத்தில் அது அநேகமாக ஆணின் பெயரில். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், 2022இல் திருத்தப்படும் வரை, பின்னுரித்தில் ஆண்பிள்ளையைத்தான் முன்னே வைத்தது. இப்போது அப்படியில்லை.

வீட்டில் அனுமதிப்பத்திரம் இருந்தால் இன்றைக்கே பெட்டியைத் திறந்து எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? வெறுமையாக இருந்தால், அல்லது உரியவர் காணாமல் போயிருந்தால், அடையாள அட்டையையும் பதிவுச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் மாதர் சங்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.