ஐந்தாம் மாத ஸ்கேனும் நடுவில் கிடக்கும் கடலும்

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு மூச்சு விடும் வேலை இல்லை. ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியே வந்துவிடுகிறது. அதனால் பெரும்பகுதி ரத்தம் நுரையீரலை ஒதுக்கிவிட்டு இரண்டு குறுக்கு வழிகளில் ஓடுகிறது: இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஒரு துளை, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் சேர்க்கும் ஒரு குழாய். பிறந்த சில நாட்களில் அந்தக் குழாய் மூடிக்கொள்ளும். நல்ல இதயத்துக்கு அதனால் கேடில்லை. இடப்பக்க இதயம் வளராத குழந்தைக்கோ, உடம்புக்குப் போகும் ரத்தமே அந்தக் குழாயை நம்பித்தான். நன்றாக அழுது பால் குடித்த பிள்ளை இரண்டாம் மூன்றாம் நாள் திடீரென வெளுத்துத் துவண்டுபோவது இதனால்தான்.

சென்னையில் என்றால் ஆம்புலன்ஸ் போதும். நிக்கோபார் தீவுகளில், இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய கச்சாலில்? அல்லது கேம்ப்பெல் பேயில்? வானிலை விட்டால் ஹெலிகாப்டர். பிறகு போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜய புரம்). அங்கிருந்து சென்னைக்கு 1,300 கிலோமீட்டருக்கும் மேல். கப்பல் என்றால் மூன்று நாள். ஆகவே தீவுக் குழந்தையின் இதயக் கோளாறு கருவிலேயே தெரிந்தாக வேண்டும்.

18 முதல் 20 வாரத்துக்குள் ஸ்கேன் எடுங்கள். நான்கு அறைகள் தெரிந்தால் மட்டும் போதாது. பெரிய தமனிகள் இடம் மாறியிருந்தாலும் அறைகள் சரியாகவே தெரியலாம். "ரெண்டு பெரிய ரத்தக்குழாயும் பாத்தீங்களா டாக்டர்?" என்று கேளுங்கள். திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் அல்ல. கருவியை நோக்கி வருவது சிவப்பு, விலகிப் போவது நீலம். மகாதமனி வளைவில் ரத்தம் எதிர்த்திசையில் ஓடினால் அது பெரிய எச்சரிக்கை. கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய், வலிப்பு மாத்திரை, மூத்த பிள்ளைக்கு இதயக் கோளாறு, தாய்மாமன் அல்லது அத்தை மகனோடு திருமணம் என்று எது இருந்தாலும் கருவின் இதய எக்கோவுக்குப் பரிந்துரை கேளுங்கள்.

கோளாறு உறுதியானால் பிரசவத்தையே சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ மாற்றுவது நல்லது. அங்கே புரோஸ்டாகிளாண்டின் மருந்தை ஏற்றி தமனிகளைச் சேர்க்கும் அந்தக் குழாயை மூடாமல் வைத்து அறுவை சிகிச்சைக்குக் கொண்டுபோக முடியும். 36 வாரம் தாண்டினால் பல விமான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை, முன்கூட்டியே கிளம்புங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற அரசுத் திட்டத்தில் பிறவி இதயக் கோளாறுக்கு அறுவை சிகிச்சை உட்பட இலவசம். தகுதியுள்ள தீவுவாசிகளுக்கு 'அனிஷி' காப்பீடு உண்டு. பயணத்துக்கு முன்பே போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனையில் பரிந்துரைக் கடிதம் பற்றி விசாரியுங்கள். கருவில் கடுமையான கோளாறு என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், 24 வாரத்துக்குப் பிறகும் கருக்கலைப்புக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இடம் தருகிறது. அந்த முடிவு தாயுடையது. யாரும் அவளை நெருக்கக் கூடாது.

ஸ்கேனில் தப்பும் கோளாறுகளும் உண்டு. பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் ஆக்சிஜன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். 95க்குக் கீழே இருந்தாலோ, இரண்டுக்கும் 3க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ மறுபடி பார்க்கட்டும். அப்போதும் அப்படியே என்றால், எக்கோ எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.