சாயத் தெரிந்த தாங்கி

ஸ்வீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரின் அடிநிலம் களிமண். அம்மண்ணின்மேல் எழுந்த காம்லேஸ்டாடன் நெசவாலை மெல்ல மெல்ல அமிழ்ந்தது. அமிழ்ந்ததும் ஒரு சீராக அன்று. நெடுந்தண்டுகள் சுழன்றுதான் அங்குள்ள பொறிகளுக்கு ஆற்றல் சென்றது. நிலம் ஓரிடத்தில் சற்றே தாழ்ந்தாலும் தண்டு கோணும். தண்டு கோணினால் அதைச் சுமக்கும் தாங்கி சூடேறித் தேயும். தாங்கி பழுதுற்றால் பொறிகள் நிற்கும்.

அவ்வாலையின் பொறியாளர் ஸ்வென் விங்க்விஸ்ட். மண்ணைத் திருத்துவது அவர் கையில் இல்லை. தண்டு சாயத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு, அதனோடு சேர்ந்து சாயும் தாங்கியை 1907-இல் உருவாக்கினார்.

நம் பட்டறைகளில் பேரிங் என வழங்கும் பந்துத் தாங்கியில் இரு வளையங்கள் உண்டு. இடையே எஃகுக் குண்டுகள் உருளும். விங்க்விஸ்ட் குண்டுகளை இரு வரிசையாக்கி, உள்வளையத்தில் வரிசைக்கொரு பள்ளம் வைத்தார். புதுமை வெளிவளையத்தில் இருந்தது. அதன் உட்புறத்தைக் கோளப் பரப்பின் ஒரு பட்டையாகக் குடைந்தார்; அக்கோளத்தின் மையமும் தாங்கியின் மையமும் ஒன்றே. மையத்திலிருந்து எப்பக்கம் திரும்பினாலும் கோளத்தின் சுவர் ஒரே தொலைவில்தானே இருக்கும்? ஆகவே தண்டும் உள்வளையமும் குண்டுகளும் ஒன்றாய்ச் சாய்ந்தும், இறுகாமல் சுழன்றன. குறையும் ஒன்றுண்டு: குண்டு தன் வளைவுக்கு நெருங்கிய பள்ளத்தில் பதிந்தோடாமல் அகன்ற பரப்பில் ஓடுவதால், சுமை தாங்கும் வலிமை குன்றும்.

இத்தாங்கியைச் செய்து விற்க எஸ்.கே.எஃப். நிறுவனம் அதே 1907 பிப்ரவரியிலேயே பிறந்தது. சுமைக் குறையை 1919-இல் அந்நிறுவனப் பொறியாளர் ஆர்விட் பால்ம்கிரன் தீர்த்தார். குண்டுகளின் இடத்தில் நடுப்பருத்த பீப்பாய் வடிவ உருளைகளை வைத்தார். தொடும் பரப்பு நீண்டது; சாயும் இயல்பும் கெடவில்லை.

இடையில் ஒரு கிளைக்கதை. இலத்தீனில் ‘உருள்கிறேன்’ எனப் பொருள்படும் வோல்வோ என்னும் பெயரை இந்நிறுவனம் 1915-இல் தன் தாங்கிகளுக்கென்றே பதிவு செய்தது. அப்பெயர் சில காலம் சும்மா கிடந்து, 1927-இல் மகிழுந்தின்மேல் ஏறிற்று. இன்று சேயை அறிந்தவர் பலர். தாயை அறிந்தவர் சிலர்.

என் வியப்போ பால்ம்கிரனின் இன்னொரு பணியின்பாற்பட்டது. ஒரே எஃகில், ஒரே அளவில் செய்த தாங்கிகள் ஒரே சுமையில் ஓடினாலும் ஒருங்கே கெடுவதில்லை. குண்டு உருளுந்தோறும் எஃகு அழுந்தி மீள்கிறது. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே அயர்ச்சி திரண்டு, நுண்விரிசலாகி, ஒருநாள் செதில் பெயர்கிறது. எந்நாள் என்று தனியொரு தாங்கிக்குச் சொல்ல இயலாது, கூட்டத்துக்குச் சொல்லலாம். பால்ம்கிரன், லுண்ட்பெர்க் என்பவருடன் இணைந்து 1947-இல் வெளியிட்ட கோட்பாடு அதைக் கணக்காக்கியது. 100 தாங்கிகளில் 90 எத்தனை சுழற்சிகளைக் கடக்குமோ, அதுவே ஆயுள். பந்துத் தாங்கியில் சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகச் சுருங்கும்.

இன்றும் தாங்கிகளுக்குக் கணிக்கப்படும் அடிப்படை ஆயுள் அந்தத் தொண்ணூறின் ஆயுளே. எஞ்சிய பத்தில் தம் தாங்கியும் ஒன்றா என்பதை ஆலைக்காரர் ஓட்டிப் பார்த்துத்தான் அறிய வேண்டும்.